காலையில் சொன்னபடி கேட்ட ரோபோ பிற்பகலில் ஏன் தடுமாறுகிறது?

நிரலையும் உணர்கருவியையும் குறை சொல்லும் முன், அவற்றுக்குப் போய்ச் சேரும் மின்சாரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

பள்ளி ரோபோப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோருக்கு இது பழக்கமான காட்சி. காலை ஒத்திகையில் ரோபோ கறுப்புக் கோட்டை விட்டு இம்மியும் விலகாமல் ஓடும். தடுப்பைக் கண்டால் சரியான தூரத்தில் நிற்கும். பிற்பகலில் முறை வரும்போது ரோபோவும் அதுதான், தளமும் அதுதான், நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் இரண்டாவது வளைவிலேயே கோட்டைத் தவறவிடும். அல்லது எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தில் சுவர் இருப்பதுபோல் நின்றுவிடும்.

உடனே எல்லாரும் நிரல் எழுதிய பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை பதற்றத்தில் எண்களை மாற்றும். ஆசிரியர் வேறோர் உணர்கருவியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பார். இதற்கிடையே யாரோ புதிய மின்கலத்தைப் பொருத்த, ரோபோ இன்னும் மோசமாக ஓடும். ஏனென்றால் சற்றுமுன் திருத்திய எண்கள் இப்போது பொருந்தாது. போட்டி முடிந்து வீடு திரும்பும்போது, “எனக்கு நிரல் எழுத வராது” என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தடுமாற்றங்களில் பலவற்றுக்கு நிரல் காரணமே இல்லை. மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்கும்போது, உணர்கருவிகளுக்குப் போகும் மின்சாரமும் ஆட்டம் காண்கிறது. உணர்கருவி என்ன சொல்கிறது என்பது அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அந்த ஆட்டத்தை நிறுத்தக் கற்றுக்கொள்வது கடினமும் அல்ல, அதிகம் செலவு பிடிப்பதும் அல்ல.

மோட்டார் எனும் பெரும்பசிக்காரன்

நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது குழாயை முழுதாகத் திறந்தால் குளியலறையில் நீரின் வேகம் குறைகிறதல்லவா? தொட்டியில் தண்ணீர் குறைந்துவிடவில்லை. ஒரே குழாய் இரண்டு இடத்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரோபோவுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. மோட்டார், உணர்கருவி, கட்டுப்பாட்டுப் பலகை என எல்லாமே பெரும்பாலும் ஒரே மின்கலத் தொகுப்பிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன.

இவற்றில் மோட்டாருக்குத்தான் பசி அதிகம். பள்ளிப் பெட்டிகளில் வரும் மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டார், சுமையின்றி ஓடும்போது சுமார் 0.2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். சக்கரம் தடைபட்டு நின்றால் அது 1 ஆம்பியரைத் தாண்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியும் மோட்டாருக்கு அப்படிப்பட்டதுதான். இரண்டு மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால் 2 முதல் 2.5 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும்.

மின்கலத்துக்கு உள்ளேயும் சிறிதளவு மின்தடை உண்டு. கம்பியிலும் மின்கலப் பெட்டியின் சுருள்வில்லிலும் இன்னும் கொஞ்சம் சேரும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் வருவதுதான் மின்னழுத்த இழப்பு. உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் படிக்கும் ஓம் விதி இது. இந்த ஒரு விதியை வைத்தே பிற்பகல் தோல்வியைக் கணக்குப் போட்டு விளக்கிவிடலாம்.

18650 வகை லித்தியம் மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்த ரோபோவை எடுத்துக்கொள்வோம். முழுதாக மின்னேற்றிய நிலையில் அது 8.4 வோல்ட் தரும். மின்கலம், கம்பி, இணைப்புகள் எல்லாவற்றின் மின்தடையும் சேர்ந்து 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்கள் 2.5 ஆம்பியர் இழுத்தால் 0.75 வோல்ட் இழப்பு. காலையில் 8.4 வோல்ட்டிலிருந்து அதைக் கழித்தாலும் 7.65 வோல்ட் மிஞ்சுகிறது. பல மணி நேர ஒத்திகைக்குப் பிறகு தொகுப்பு 7.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால், மோட்டார் கிளம்பும்போது மிஞ்சுவது 6.45 வோல்ட்தான்.

“உணர்கருவிக்கு 5 வோல்ட்தானே வேண்டும், 6.45 போதாதா?” என்று கேட்கலாம். சிக்கல் இங்கேதான். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் எனப்படும் சீராக்கி, தன் வேலையைச் செய்யக் கூடுதலாகக் கொஞ்சம் மின்னழுத்தம் கேட்கும். பழைய 7805 வகைச் சீராக்கிக்கு அது சுமார் 2 வோல்ட். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் எல்298என் மோட்டார் பலகையிலும் அந்தக் குடும்பத்துச் சீராக்கியே இருக்கிறது. உள்ளே வருவது 7 வோல்ட்டுக்குக் கீழே போனால், வெளியே போவதும் 5 வோல்ட்டாக இருக்காது. நம் கணக்கில் 6.45 வோல்ட் வந்தால் வெளியே போவது ஏறக்குறைய 4.45 வோல்ட். காலையில் இந்தக் குறை தலைகாட்டவே இல்லை. பிற்பகலில் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தலைகாட்டுகிறது.

சுருங்கும் அளவுகோல்

மின்னழுத்தம் அரை வோல்ட் குறைந்தால் உணர்கருவி சற்று மந்தமாகும், வேறென்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மந்தமாவதில்லை. தவறான எண்ணைத் தயக்கமில்லாமல் சொல்கிறது.

அகச்சிவப்புக் கதிரால் தூரத்தை அளக்கும் உணர்கருவி, தூரத்துக்கு ஏற்ப ஒரு மின்னழுத்தத்தை வெளியிடும். 10 முதல் 80 சென்டிமீட்டர் வரை அளக்கும் பிரபலமான வகையில், 20 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பொருள் இருந்தால் சுமார் 1.3 வோல்ட் வரும். ஆர்டுயினோ ஊனோ போன்ற பலகை அதை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். எதை 1023 என்று எடுத்துக்கொள்ளும்? நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தையே முழு அளவு என்று எடுத்துக்கொள்ளும்.

பலகைக்குச் சரியாக 5 வோல்ட் கிடைத்தால் 1.3 வோல்ட்டுக்கு 266 என்ற எண் வரும். பலகைக்குக் கிடைப்பது 4.5 வோல்ட்டாகக் குறைந்தால் அதே 1.3 வோல்ட்டுக்கு 296 வரும். நிரலோ இன்னமும் 5 வோல்ட் என்றே நம்பிக் கணக்குப் போடுகிறது. ஆகவே 20 சென்டிமீட்டரில் இருக்கும் தடுப்பு 18 சென்டிமீட்டரில் இருப்பதாக முடிவு செய்கிறது. உணர்கருவி பொய் சொல்லவில்லை. அளக்கும் கோல்தான் சுருங்கிவிட்டது. சுருங்கிய கோலால் அளந்தால் எல்லாத் துணியும் நீளமாகத்தானே தெரியும்?

கோட்டைப் பின்தொடரும் உணர்கருவியில் வேறு விதமான கோளாறு. அது அகச்சிவப்பு ஒளியைத் தரையில் வீசி, திரும்பி வரும் ஒளியின் அளவைப் பார்க்கிறது. ஒளி தரும் எல்இடி விளக்கு சுமார் 1.2 வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ளும். மீதியுள்ள மின்னழுத்தம்தான் 220 ஓம் மின்தடையின் வழியே மின்னோட்டத்தை ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட்டில் 17 மில்லி ஆம்பியர் ஓடும். 4 வோல்ட்டில் அது 13 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய்விடும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, மின்னோட்டமும் ஒளியும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகின்றன. வெள்ளைத் தரை சாம்பல் நிறமாகத் தெரியத் தொடங்குகிறது. காலையில் நிர்ணயித்த எல்லை எண், பிற்பகலில் கோட்டையும் தரையையும் பிரித்துக் காட்டத் திணறுகிறது.

எல்லா உணர்கருவிகளும் ஒரே மாதிரி ஏமாறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீயொலி உணர்கருவி, 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரம் அறிகிறது. நேரத்தை அளப்பது கடிகாரப் படிகம் என்பதால், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் கணக்கு பெரிதாகப் பிசகாது. ஆனால் மிகவும் குறைந்தால் எதிரொலியே பதிவாகாது. அப்போது வழக்கமான ஆர்டுயினோ நிரலில் பூஜ்யம் என்ற விடை வரும். பூஜ்யத்தைத் ‘தகவல் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாமல் ‘தூரம் பூஜ்யம்’ என்று எடுத்துக்கொள்ளும் நிரல், மூக்கில் சுவர் இடிப்பதாக நினைத்து வண்டியை நிறுத்திவிடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ரோபோ நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மயங்கி எழும் கருவிகள்

மின்னழுத்தம் இன்னும் கீழே போனால் கட்டுப்பாட்டுப் பலகையே மயங்கி விழுந்து எழும். பொறியாளர்கள் இதை பிரவுன்-அவுட் என்பார்கள். மின்சாரம் முழுதாகப் போய்விடாமல் பாதியளவில் தள்ளாடும் நிலை இது.

ஆர்டுயினோ ஊனோவில் உள்ள சில்லு, மின்னழுத்தம் சுமார் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகவே நின்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் அந்தச் சில்லு ஊனோவின் வேகத்தில் பிழையின்றி இயங்க ஏறத்தாழ 3.8 வோல்ட்டாவது வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரும் வரம்பு. இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் சில்லு நிற்கவும் நிற்காது, சரியாக ஓடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இனம்புரியாத கோளாறுகள் பலவற்றின் பிறப்பிடம் இந்த இடைவெளிதான்.

சில நேரங்களில் பலகை தாக்குப்பிடித்துவிடும், உணர்கருவி மட்டும் விழுந்து எழும். திரும்பும் வேகத்தை அளக்கும் எம்பியு-6050 சில்லு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மின்சாரம் போய் வந்தால் அது உறக்க நிலையில்தான் எழும். விழித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளையை நிரல் தொடக்கத்தில் ஒருமுறைதான் அனுப்பியிருக்கும். நிரலைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை என்பதால் மறுபடி அனுப்பாது. அதன் பிறகு ரோபோ தட்டாமாலை சுற்றினாலும் உணர்கருவியிடமிருந்து வரும் எண் பூஜ்யம்தான்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். ரோபோவைக் கையில் தூக்கி, சக்கரங்களை அந்தரத்தில் சுழல விட்டு, உணர்கருவி தரும் எண்களைக் கணினித் திரையில் பாருங்கள். இந்தச் சோதனையின்போது கணினியின் யூஎஸ்பி வழியே பலகைக்கு மின்சாரம் போகிறதா என்பதையும் கவனியுங்கள். போகிறதென்றால் கோளாறு மறைந்துவிடும். மேசையில் நன்றாக வேலை செய்து தரையில் சொதப்பும் ரோபோக்களின் மர்மம் பெரும்பாலும் இந்த யூஎஸ்பி கம்பிதான். கூடுமானால் எண்களை புளூடூத் வழியே பாருங்கள், அல்லது நினைவக அட்டையில் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது சோதனை இன்னும் தெளிவானது. உணர்கருவிகளுக்குப் போகும் 5 வோல்ட் கம்பியைக் கழற்றிவிட்டு, அவற்றுக்கு மட்டும் பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள். எதிர்மின் கம்பிகள், அதாவது கிரவுண்ட், எல்லாவற்றுக்கும் பொதுவாக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையால் உணர்கருவியின் அளவைப் படிக்க முடியாது. இப்போது கோளாறு மறைந்தால், மின்சாரம்தான் குற்றவாளி. ஓர் எச்சரிக்கை: இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

மல்ட்டிமீட்டரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அது விநாடிக்குச் சில முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். நூறில் ஒரு பங்கு விநாடி மட்டும் நீடிக்கும் சரிவு அதன் கண்ணில் படாது. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் ஓரளவு உதவும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிலோஸ்கோப் இருந்தால், ஆசிரியரிடம் கேட்டு, மோட்டார் கிளம்பும் கணத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். திரையில் கோடு குழியில் விழுவதை ஒருமுறை கண்ட மாணவருக்கு இந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

மருந்துகள் ஐந்து

முதலாவது, தகுந்த மின்கலம். பெட்டி வடிவ 9 வோல்ட் மின்கலத்தை மோட்டாருக்குப் பயன்படுத்தாதீர்கள். அதற்குள் இருப்பவை ஆறு குட்டி மின்கலங்கள். உள்மின்தடை சுமார் 2 ஓம் இருக்கும். 1.5 ஆம்பியர் இழுத்தாலே 3 வோல்ட் காணாமல் போகும். ஏஏ அளவு மின்கலங்களில் ஒரு வேடிக்கை உண்டு. கார மின்கலத்தின் உறையில் 1.5 வோல்ட் என்றும், மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் வகையின் உறையில் 1.2 வோல்ட் என்றும் இருக்கும். நான்கைத் தொடராகச் சேர்த்தால் 6-க்கு எதிராக 4.8. ஆனால் கார மின்கலத்தின் உள்மின்தடை ஒவ்வொன்றுக்கும் 0.2 ஓம் எனக் கொண்டால் 2 ஆம்பியரில் 1.6 வோல்ட் இழப்பு, மிஞ்சுவது 4.4. நிக்கல் வகைக்கு 0.03 ஓம் எனக் கொண்டால் இழப்பு 0.24 வோல்ட்தான், மிஞ்சுவது 4.56. உறையில் சிறிய எண்ணைச் சுமந்த மின்கலம் சுமை ஏறும்போது முந்திவிடுகிறது.

இரண்டாவது, தனி வழி. மோட்டாருக்கு ஒரு மின்கலத் தொகுப்பு, உணர்கருவிக்கும் பலகைக்கும் இன்னொன்று, கிரவுண்ட் மட்டும் பொது. இதுதான் மிக எளிய, மிக உறுதியான தீர்வு. எடையும் இடமும் கூடும் என்பது மட்டுமே குறை. ஒரே தொகுப்புதான் என்றால், ஏற்றி இறக்கும் வகை மின்னழுத்த மாற்றியை உணர்கருவிகளுக்கு முன்னால் பொருத்துங்கள். உள்ளே வரும் மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், வெளியே 5 வோல்ட் தரக்கூடிய சிறு பலகை இது. சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும் கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளிலும் இத்தகைய உதிரிப்பாகங்களைத் தேடலாம். வாங்கும்போது உள்ளீட்டு வரம்பையும் எத்தனை ஆம்பியர் தரும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, மின்தேக்கி. கப்பாசிட்டர் என்று கடையில் கேட்கும் இதை, மின்சாரத்துக்கான சிறு தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக்கொள்ளலாம். உணர்கருவிகள் மொத்தம் 0.1 ஆம்பியர் எடுக்கின்றன, சரிவு 10 மில்லிவிநாடி நீடிக்கிறது, அரை வோல்ட் வரை இறங்கலாம் என்றால், தேவைப்படுவது 2,000 மைக்ரோஃபராட். கடையில் கிடைக்கும் 2,200 போதும். இந்தத் தொட்டியிலிருந்து மோட்டார் திருடிக் குடிக்காமல் இருக்க, அதற்கு முன்னால் ஷாட்கி வகை டையோடு ஒன்றைப் பொருத்த வேண்டும். கூடவே, ஒவ்வோர் உணர்கருவியின் அருகிலும் 0.1 மைக்ரோஃபராட் அளவுள்ள சிறு பீங்கான் மின்தேக்கி ஒன்று, மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே அதேபோல் ஒன்று. இவை மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலை அடக்கும். ஆனால் மின்தேக்கி காப்பாற்றுவது மில்லிவிநாடிக் கணக்கில்தான். தீர்ந்துபோன மின்கலத்துக்கு அது மாற்று ஆகாது.

நான்காவது, கம்பி. மெல்லிய கம்பியில் 0.1 ஓம் மின்தடை இருந்து, அதன் வழியே மோட்டாரின் 2 ஆம்பியர் திரும்பி வந்தால், அந்தக் கம்பியிலேயே 0.2 வோல்ட் தேங்கும். உணர்கருவியின் கிரவுண்டும் அதே கம்பியில் தொற்றியிருந்தால், அது சொல்லும் 1.3 வோல்ட்டோடு இந்த 0.2-ம் கலந்துவிடும். மோட்டாரின் கம்பியும் உணர்கருவியின் கம்பியும் தனித்தனியே மின்கலம்வரை வந்து ஒரே புள்ளியில் சேரட்டும். மோட்டார் கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும்.

ஐந்தாவது, நிரல். இதில் காசு செலவே இல்லை. மோட்டாரை ஒரே அடியில் முழு வேகத்துக்குத் தூக்காமல், கால் விநாடியில் படிப்படியாக ஏற்றுங்கள். முன்னே ஓடும் மோட்டாரைச் சட்டென்று பின்னோக்கித் திருப்பினால், நின்ற நிலையில் கிளம்புவதைவிடவும் அதிக மின்னோட்டம் பாயும். ஒரு கணம் நிறுத்திப் பிறகு திருப்புங்கள். உணர்கருவியை ஒருமுறை படித்து முடிவெடுக்காமல், ஐந்து முறை படித்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சுருங்கும் கோலுக்கும் மருந்து உண்டு. ஊனோவின் சில்லுக்குள், மின்கலம் இறங்கினாலும் பெரிதாக மாறாத 1.1 வோல்ட் மேற்கோள் அளவு ஒன்று இருக்கிறது. சில்லுக்குச் சில்லு அது சற்று வேறுபடும் என்பதால், ஒருமுறை மல்ட்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு, தனக்கு உண்மையில் எத்தனை வோல்ட் கிடைக்கிறது என்பதைப் பலகையே கணக்கிட்டு, உணர்கருவியின் எண்ணைத் திருத்திக்கொள்ளும்.

மின்கலத்தின் அளவைக் காட்டும் நிரல் எழுதுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மின்கலத்தை அளக்கும் கோலே மின்கலத்தோடு சேர்ந்து சுருங்கினால், தீரும் நிலையிலும் ‘நலம்’ என்றே பதில் வரும்.

செவ்வாயிலும் இதே பாடம்

இது பள்ளிப் பெட்டி ரோபோக்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று எண்ண வேண்டாம். நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாய்க் கோளில் முதன்முதலாகப் பறந்தது. அதிகபட்சம் ஐந்து முறை பறக்கத் திட்டமிடப்பட்ட அது, ஓராண்டு கடந்தும் வேலை செய்துகொண்டிருந்தது. 2022 மே மாதத் தொடக்கத்தில், குளிர்காலம் நெருங்கி, காற்றில் தூசி கூடியதால் சூரியத் தகட்டில் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. இரவில் மின்கலத்தின் அளவு வரம்புக்குக் கீழே இறங்கியது. கடிகாரத்தையும் வெப்பமூட்டிகளையும் கவனிக்கும் மின்சுற்று அணைந்தது. கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

விடிந்ததும் மின்கலம் மறுபடி ஏறியது, ஹெலிகாப்டரும் விழித்தது. ஆனால் அதன் கடிகாரமும், பூமியோடு அதை இணைக்கும் பெர்சவரன்ஸ் ஊர்தியின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. அது பேசும் நேரத்தில் இது கேட்கவில்லை. பொறியாளர்கள் ஊர்தியை நாள் முழுவதும் காது கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். மே 5-ஆம் தேதி ஹெலிகாப்டரின் குரல் கேட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, வெப்பமூட்டிகள் இயங்கத் தொடங்கும் வெப்பநிலையை மைனஸ் 15 டிகிரியிலிருந்து மைனஸ் 40 டிகிரி செல்சியசுக்கு இறக்கினார்கள். அதன் பிறகும் அது பலமுறை பறந்தது. 2024 ஜனவரியில் 72-வது பயணத்தோடு ஓய்வு பெற்றது.

அவர்கள் மின்சாரம் குறையாது என்று நம்பியிருக்கவில்லை. குறைந்தால் எது அணையும், அணைந்தது மறுபடி எந்த நிலையில் எழும், எழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கெல்லாம் விடை தேடினார்கள். பள்ளி ரோபோவுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். உறக்கத்தில் எழும் உணர்கருவியை எழுப்ப, ‘நீ விழித்திருக்கிறாயா?’ என்று அவ்வப்போது கேட்கும் இரண்டு வரிகளை நிரலில் சேர்த்தாலே போதும். பல சில்லுகள், தாம் கடைசியாக ஏன் மறுதொடக்கம் கண்டோம் என்ற காரணத்தை ஒரு சிறு பதிவேட்டில் குறித்து வைக்கின்றன. மின்னழுத்தச் சரிவும் அதில் ஒரு காரணமாகப் பதிவாகும். மின்னணுத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளையர்கள், இந்தப் பதிவேட்டைப் படிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொள்வது நல்லது. மணிக்கணக்கில் நிரலைத் துழாவும் வேலை மிச்சமாகும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-இல் முதன்முதலாக நடந்தது சிங்கப்பூரில்தான். 2012-இல் அது கோலாலம்பூருக்கு வந்தது. இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு ரோபோப் போட்டி புதிதல்ல. பயிற்சியில் நிரலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது மின்சாரத்துக்கும் கொடுக்கலாம்.

பிள்ளையின் ரோபோ தடுமாறும்போது, “என்ன தப்பு செய்தாய்?” என்று கேட்காமல் “எதையெல்லாம் அளந்து பார்த்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அளந்து பார்த்த பிள்ளைக்குப் பழியை யார் மீதும் போட வேண்டிய அவசியம் வராது. நிரல் எழுதிய தோழியைக் குறை சொல்லும் முன் மின்கலத்தைச் சோதித்துப் பார்க்கும் குழு, அடுத்த போட்டிக்கும் ஒரே குழுவாகவே வரும்.

போட்டி நாளன்று கவனிக்க

• ஒத்திகைக்கு ஒரு மின்கலத் தொகுப்பு, போட்டிக்கு இன்னொன்று. இரண்டிலும் பெயர் ஒட்டி வையுங்கள்.

• எல்லை எண்களை நிர்ணயிக்கும்போது, போட்டியில் பயன்படுத்தப்போகும் அதே அளவு மின்னேற்றத்தில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது நிர்ணயுங்கள்.

• களத்துக்குப் போகும் முன் மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளந்து தாளில் எழுதுங்கள். ஓட்டம் நன்றாக அமைந்தால் அந்த எண்ணே உங்கள் குழுவின் தரம்.

• பழைய மின்கலத்தையும் புதியதையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள்.

• லித்தியம் மின்கலத்தை ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் மின்னேற்றாதீர்கள். உப்பியதை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

• விமானத்தில் போகும் குழுக்கள், உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒட்டுநாடாவால் மூடி வையுங்கள்.